பெயருக்கும் நெய்ப்பந்தத்துக்கும் நடுவே

பேரன் என்று நாம் பேச்சில் வழங்குவது பெயரன் என்ற சொல்லின் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். பெயர்த்தி என்பதே பேத்தியாயிற்று. சங்கப் பாடல்களிலேயே தன் மகனைத் தன் தந்தையின் பெயரன் என்று குறிக்கும் வழக்கு இருக்கிறது. ஆகவே தமிழில் ஒரு குழந்தை தன் தாத்தாவுக்குத் தரும் முதல் பரிசு எது என்று கேட்டால், அது பிறந்த சில நாட்களிலேயே தன்னை அறியாமல் கொடுத்துவிடுகிற பரிசு என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய பெயரை இன்னும் ஒரு தலைமுறைக்கு அது தூக்கிச் செல்கிறது.

தாத்தா பாட்டிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்ற கேள்வி இன்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் நண்பர்களிடையே எழுகிறது. கடை வீதியில் இதற்குப் பல விடைகள் கிடைக்கின்றன. நாம் அந்த விடைகளை விட்டுவிட்டு, கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று கருதுகிறோம். பேரப்பிள்ளைகள் மூத்தோருக்குக் கொடுக்கும் மரபு நம்மிடம் எப்படி இருந்தது, எங்கே நிறைந்திருந்தது, எங்கே காலியாக இருந்தது என்பதே நம் கேள்வி. பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும் என்பதால் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொள்கிறோம். கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கும் இளையரசனேந்தலும் அதைச் சுற்றிய ஊர்களுமே அந்த நிலப்பகுதி.

இளையரசனேந்தல் தெலுங்கு பேசும் கம்மவார் பாளையக்காரர்களின் ஊர். பாளையப் போர்கள் 1801இல் முடிந்த பிறகு, 1803இல் கும்பினியார் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கள் ஜமீன்களாயின. அந்த ஜமீன்களுள் இதுவும் ஒன்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தக் காலமும் முடிந்தது. நீண்ட காலம் சங்கரன்கோவில் வட்டத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், பின்னர் கோவில்பட்டி வட்டத்தோடு தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயிற்று. சங்கரன்கோவிலோ 2019இல் புதிய தென்காசி மாவட்டத்துக்குள் அடங்கியது. இங்கே பிறந்து இங்கேயே மூத்த ஒரு பாட்டி, தன் வாசல்படியை விட்டு நகராமலே ஜமீனையும் வட்டத்தையும் மாவட்டத்தையும் கடந்து வந்திருக்கிறாள். அவளைத் தெலுங்கு வீடுகளில் அவ்வா என்பார்கள். தமிழ் வீடுகளில் ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி என்று சாதிக்கும் தெருவுக்கும் ஏற்ப அழைப்பார்கள். பாட்டிக்கும் தாய் பூட்டி.

இந்த வட்டாரத்தில் பெயரிடும் வழக்கம் இரு மொழிக்காரர்களுக்கும் பொதுவானது. மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர் என்பது பெரும்பாலும் எழுதப்படாத சட்டம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. ஆகையால் பெற்ற பிள்ளையைக் கூப்பிட அவளுக்கு வேறு ஒரு செல்லப்பெயர் தேவைப்பட்டது. ராசா என்றோ, துரை என்றோ, வெறும் தம்பி என்றோ அவள் அழைப்பாள். முழுப்பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் தாத்தாவின் வாயிலும் மட்டும் வழங்கும். தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி ஒரு குழந்தையை அழைக்கும் உரிமை அந்த வீட்டில் கிழவருக்கு மட்டுமே இருந்தது. அதில் அவர் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் கிராமத்துத் திண்ணைகளில் காணலாம்.

இது ஒரு முனை. மறுமுனை சாவில் இருக்கிறது.

மூத்தவர் இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்து ஏற்றிய சிறு பந்தங்களைப் பிடித்துக்கொண்டு பேரன்களும் பேத்திகளும் பாடையைச் சுற்றி வருவார்கள். பேரன் பேத்தி எடுத்து, அவர்கள் பந்தம் பிடிக்கப் போவது கல்யாணச் சாவு. அதற்கு மேளதாளம் உண்டு, வேட்டு உண்டு. உறவினர்கள் கோடித்துணி கொண்டுவருவார்கள். உயிரோடு இருந்த காலத்தில் ஆண்டுக்கு இரண்டு சேலை கண்ட பாட்டியின் உடல்மேல், ஒரே பிற்பகலில் பத்துப் பதினைந்து புதுச்சேலைகள் விழும். இவற்றில் ஒன்றைப் போன பொங்கலுக்கே கொடுத்திருக்கக் கூடாதா என்று யாரேனும் ஒரு கிழவி ஒப்பாரிக்கு நடுவில் கேட்டுவிடுவதும் உண்டு.

பெயரும் நெய்ப்பந்தமும் ஆக, பேரப்பிள்ளைகள் மூத்தோருக்குச் செய்யவேண்டியவை என்று நம் மரபு திட்டமாக வகுத்தவை இந்த இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் நீண்ட காலத்துக்கு அது பெரிதாக ஒன்றும் வகுக்கவில்லை. நம் சீர்வரிசைகள் எல்லாம் மேலிருந்து கீழே பாய்பவை. தலைப்பொங்கலுக்குப் படி வருவது பெண்ணின் தாய்வீட்டிலிருந்து. காதுகுத்துக்கும் சடங்குக்கும் சீர் கொண்டுவருபவர் தாய்மாமன். பேரனுக்கு அரைஞாண் செய்து போடுபவர் தாத்தா. வசதியுள்ள சில சமூகங்களில் அறுபதாம் கல்யாணம், எண்பதில் சதாபிஷேகம், கொள்ளுப்பேரன் பிறந்தால் கனகாபிஷேகம் என்று மூத்தோரை முன்னிறுத்தும் விழாக்கள் உண்டு. மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் நம்பி வாழ்ந்த கரிசல் குடியானவருக்கு அவை எட்டாதவை. மேலும் அவர் கையில் நிலமும் மாடும் இருந்தவரை, வாங்கிக்கொள்பவராக இருக்கவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. கொடுப்பவர் என்பதே கூட்டுக்குடும்பத்தில் அவருக்கு இருந்த இடம்.

நிலம் பிரிந்து, மழை பொய்த்து, பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைக்கும் மில்லுக்கும் வெளியூருக்கும் போன பிறகுதான் நடுவில் இருந்த அந்தக் காலியிடம் கண்ணுக்குத் தெரிந்தது. அது எவ்வளவு இருட்டாக முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்தக் கரிசலின் வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்ற வழக்கம் பற்றி 2010இல் செய்திகள் வெளிவந்தன. படுத்த படுக்கையான முதியவரைத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சலில் சாகவிடுவதே அந்த வழக்கம். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய பாரம் என்ற படம் இதைப் பேசியது. 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. எண்ணெய்க் குளியலும் இளநீரும் நாம் அன்போடு கொடுப்பவை. அதே இரண்டைக் கொண்டுதான் அங்கே உயிரை எடுத்தார்கள். மூத்தவர் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லாதவர் என்று ஒரு வீடு முடிவு செய்துவிட்டால் பரிசுப்பொருளும் கருவியாகிவிடுகிறது. ஆகவே தாத்தா பாட்டிக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியை விடுமுறை நாள் விளையாட்டாக நாம் எடுத்துக்கொள்வதற்கில்லை.

அந்தக் காலியிடத்தை நிரப்ப வந்தவர்களில் அரசு முதன்மையானது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரலில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை என்று அன்றைய சென்னை மாநிலம் தொடங்கியது. 2023இல் அது 1,200 ரூபாயாயிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் வந்தது. பேரன் எடுத்துத் தராத சேலையை ரேஷன் கடை தந்தது. மைய அரசின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், தாத்தா பாட்டியும் ஜீவனாம்சம் கோரலாம் என்றும், வயதுவந்த பேரன் பேத்திகளும் அதற்குப் பொறுப்பாவார்கள் என்றும் எழுதிவைத்தது. இவற்றையெல்லாம் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பல கிழவிகள் மகன் வீட்டில் தலை நிமிர்ந்து சோறு உண்டது முதியோர் பணம் வந்த பிறகுதான். எனினும் உரிமையாக வருவது ஒன்று, பரிசாக வருவது வேறொன்று. அரசின் சேலையில் பாட்டியின் பெயர் இல்லை, அட்டை எண்தான் இருக்கிறது.

இரண்டாவதாக வந்தது அஞ்சல்துறை. இந்தியாவில் மணியார்டர் 1880இல் தொடங்கியது. சென்னையிலும் பம்பாயிலும் வேலைபார்த்த பேரன்மார் மாதாமாதம் அனுப்பிய பத்தும் இருபதும் அதன் வழியாகவே கரிசல் கிராமங்களுக்கு வந்தன. அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். இரண்டு மூன்று வரிகளுக்குமேல் கொள்ளாது. எழுத்தறியாத பாட்டிக்குத் தபால்காரரே அதை வாசித்துக் காட்டுவார். இன்னொரு முறை வாசியும் ஐயா என்று அவள் கேட்பாள். பிறகு மையில் பெருவிரலைத் தோய்த்து ரசீதில் ரேகை வைப்பாள். அந்த ரசீதுத் துண்டு மறுபடி பேரனிடம் போய்ச் சேரும். பணம் கிடைத்ததற்கான அத்தாட்சியாக அஞ்சல்துறை அதை அனுப்பியது. பேரனுக்கோ பாட்டியின் கைவிரல் ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. கொடுத்தவருக்கும் வாங்கியவரிடமிருந்து ஒன்று திரும்பி வந்ததே மணியார்டரின் அழகு என்று நாம் நினைக்கிறோம். 2015இல் பழைய முறை மணியார்டர் நிறுத்தப்பட்டது. இப்போது பணம் வங்கிக் கணக்குக்கு நொடியில் போய்விடுகிறது. ரேகை திரும்பி வருவதில்லை.

மூன்றாவதாக ஒரு மருத்துவரைச் சொல்லவேண்டும். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை விழுந்து பார்வை இழந்து, வீட்டு மூலையில் உட்கார்ந்துவிட்ட கிராமத்து முதியோரே அவர் மனத்தில் இருந்தவர்கள். ஊர் ஊராக நடந்த கண் முகாம்களில் ஒரு பாடம் கிடைத்தது. அறுவை இலவசம் என்று அறிவித்தாலும் பலர் வரவில்லை. பேருந்துக்குக் காசில்லை, மதுரையில் தங்க இடமில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட வர ஆளில்லை. எனவே முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப் போய், தங்கவைத்துச் சோறு போட்டு, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை ஏற்பட்டது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்தபோது, அதை மதுரையிலேயே குறைந்த செலவில் செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. பார்வையைவிடப் பெரிய பரிசு ஒரு முதியவருக்கு இருக்கமுடியுமா? அந்தப் பரிசுகூடத் தனியாகப் போய்ச் சேரவில்லை. உடன் அழைத்துச் செல்ல ஆள் வந்தபோதுதான் போய்ச் சேர்ந்தது. பரிசு தேடும் பேரன் பேத்திகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கண்ணாடி வாங்கித் தருவதைவிடக் கண் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவது மேல்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். இளையரசனேந்தலிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடைசெவல் என்ற சிற்றூர், ஒரே தலைமுறையில் இரண்டு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது. இருவரும் 1923இல் பிறந்தவர்கள், உயிர்த்தோழர்கள். பரிசு என்பதன் உட்பொருளை ஒருவர் எழுதினார். மூத்தோருக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மற்றவர் தம் வாழ்நாளால் காட்டினார்.

கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970ஆம் ஆண்டிலேயே சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்த தொகுப்பின் பெயரே அன்பளிப்பு. தலைப்புக் கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். குழந்தைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொண்டுவந்து தருகிற ஒருவர், சாரங்கன் என்ற ஒரு பையனை மட்டும் எண்ணத்தில் வைக்கவில்லை. அவன் கோபிக்கவில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்துப்போய் உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்துவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். பொருள் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது தன் பெயர் எழுதப்பட்ட அந்த ஒரு வரிதான். இக்கதையில் பெறாமல் நிற்பவன் ஒரு சிறுவன். அந்த இடத்தில் ஒரு கிழவியை வைத்து வாசித்தாலும் கதை அப்படியே பொருந்துகிறது. வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்துவிட்டு, பாட்டிக்கு என்ன வேண்டும், அவள் எங்கே வெளியே போகிறாள் என்று சொல்லும் தீபாவளிகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

கி. ராஜநாராயணன் செய்தது இன்னொன்று. 1976இல் வெளிவந்த கோபல்ல கிராமம் நாவலில், தெலுங்கு பேசும் குடிகள் தெற்கே ஓடிவந்து கரிசலில் காடு திருத்திய வரலாற்றைச் சொல்பவள், நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரம்மாள். இளையரசனேந்தல் போன்ற ஊர்களின் வீட்டு வரலாறும் ஏறத்தாழ அதுதான். அதை எந்தக் கல்வெட்டிலும் தேடவேண்டாம், அவ்வாக்களின் வாயில் தேடினால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். அவற்றில் ஒரு தொகுப்பின் பெயரே தாத்தா சொன்ன கதைகள். 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளிக்கொணர்ந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலையை, பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு விவசாயி, கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கேட்டுக் கேட்டுச் செய்தார். 1991இல் கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்தபோது அவரே தமிழுக்கு ஒரு தாத்தாவாக, வாசகர்களின் நைனாவாக இருந்தார்.

கி.ரா. அந்த முதியோருக்குக் கொடுத்தது என்ன? வேட்டியும் கொடுத்திருக்கலாம், வெற்றிலையும் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் பெற்றவற்றில் பெரியது கேள்விதான். ‘இதற்கு உங்கள் காலத்தில் என்ன பேர் தாத்தா?’ என்று ஒருவன் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்கும்போது, வாங்கிக்கொள்பவராகிவிட்ட கிழவர் மறுபடியும் கொடுப்பவராகிறார். நிலமும் மாடும் போன பிறகும் அவரிடம் மிச்சம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள ஆள் வந்தது.

நம் நண்பர் ஒருவர் தம் தாத்தாவுக்கு வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்றை ஆசையோடு வாங்கிப் போனார். பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டிவிட்டார், ஒருநாளும் ஊன்றவில்லை. தாம் தளர்ந்துவிட்டோம் என்று பேரன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டாக அவருக்கு அது தோன்றியிருக்கவேண்டும். அடுத்த முறை நண்பர் ஊரிலிருந்தபடியே கேட்டார். தாத்தா தயங்கித் தயங்கி, பழைய பாக்கு உரலின் உலக்கை தேய்ந்துவிட்டது, வேறு கிடைக்குமா என்றார். விலை மிகச் சொற்பம். அது கிடைத்த நாளில், அதே உரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை இடித்துப் பொடியாக்கி, தமக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பேரனின் குழந்தைக்கும் ஊட்டினாராம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கடலைமிட்டாயை ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போகிறோம். பல்லில்லாத வாய்க்கு அது ஒரு உரலும் கேட்கும் என்பதை நாம் நினைப்பதில்லை.

இத்தனை வரலாற்றிலிருந்தும் நமக்குக் கிடைப்பது எளிமையான ஒரு அளவுகோல்தான். வாங்கிய பிறகு மூத்தவர் எதையேனும் திரும்பக் கொடுக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். மணியார்டரில் ரேகை திரும்பி வந்தது. உரலிலிருந்து குழந்தைக்கு ஒரு வாய் இனிப்பு வந்தது. கேள்வியிலிருந்து ஒரு அகராதியே வந்தது. திரும்பி வர வழியில்லாத பரிசு, எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், கோடித்துணியின் பக்கத்தில்தான் போய் நிற்கிறது.

காலமும் நமக்கு அதிகமில்லை. இன்று இந்த ஊர்களில் அவ்வாவின் வீட்டுத் தெலுங்கு புரிந்தும் பேச வராத பேரன்கள் வளர்ந்துவிட்டார்கள். அதையடுத்த தலைமுறைக்குப் புரியவும் செய்யாது. கம்பு குத்திய உலக்கைப்பாட்டும், உழவு மாட்டின் சுழிகளுக்கு இருந்த பெயர்களும், பஞ்ச காலத்தில் எந்தக் கீரையைப் பறித்துத் தின்றார்கள் என்ற செய்தியும் இன்னும் சிலருடைய நினைவில் மட்டும் இருக்கின்றன. வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சேலையும் வேட்டியும் எடுத்துச் செல்லட்டும். நிறத்தையும் கரையையும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு எடுத்துச் செல்லட்டும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோய், முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயரையோ பாட்டியின் பெயரையோ எழுதிவிட்டு, அந்தப் பெயர் அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.